பெயர்ப்பலகை மாட்டிய பிறகு வரும் பின்னணி அறிக்கை

வேலைக்கு எடுக்கப்போகும் ஆளின் பின்னணியைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. சென்னையில் பதினெட்டு வருடமாக இதே வேலை. தொழிலில் பிஜிவி (பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்) என்போம். சான்றிதழ் அசலா, சொன்ன கம்பெனியில் சொன்ன தேதி வரை இருந்தாரா, கோர்ட்டில் வழக்கு ஏதும் உண்டா, பழைய மேலதிகாரி என்ன சொல்கிறார் என்று எல்லாம் பார்த்துவிட்டு அறிக்கைக்கு ஒரு நிறம் கொடுப்போம். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பொய். நடுவில் இருக்கும் ஆம்பர் என்ற மஞ்சள்தான் தலைவலி.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் மேல்மட்டப் பதவிக்கு ஒருவர் வந்தார். அவருடைய பழைய கம்பெனியின் எச்.ஆர். அம்மாவிடம் போனில் பேசினேன். தேதிகள் சரி, பதவியும் சரி. "மறுபடி வந்தா எடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டேன். இரண்டு மூன்று விநாடி சத்தமே இல்லை. அப்புறம், "அதுக்கெல்லாம் நாங்க பதில் சொல்றதில்ல சார்" என்றார். அந்த மூன்று விநாடியை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆம்பர் போட்டு, இன்னும் இரண்டு பேரிடம் பேச அனுமதி கேட்டேன். ஆள் திங்கட்கிழமை சேர்கிறார், ஊழியர்களுக்கு மெயில் போயாச்சு, அறைக் கதவில் பெயர்ப்பலகையும் மாட்டியாச்சு என்று பதில் வந்தது.

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் நியமனம் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்ப்பலகைதான் ஞாபகத்துக்கு வரும். டிரம்ப் 2024 நவம்பர் 12 அன்று பீட் ஹெக்செத்தின் பெயரை அறிவித்தார். நியமிக்கப்படுவோரை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ விசாரிக்க வழிசெய்யும் ஒப்பந்தத்தில் டிரம்பின் குழு அமெரிக்க நீதி அமைச்சகத்தோடு கையெழுத்துப் போட்டதோ டிசம்பர் 3 அன்று. முதலில் பெயர், மூன்று வாரம் கழித்துத்தான் விசாரணைக்கே வழி. இடைப்பட்ட நாட்களில் 2017இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் பதிவான பாலியல் புகார் வெளியே வந்தது. ஹெக்செத் மறுத்தார், வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு 50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது பின்னால் அவருடைய எழுத்துப்பூர்வ பதிலிலேயே வந்தது. குடிப்பழக்கம், அவர் நடத்திய முன்னாள் ராணுவத்தினர் அமைப்புகளின் கணக்குவழக்கு என்று மற்ற குற்றச்சாட்டுகளையும் பெயர் சொல்லாதவர்களின் அவதூறு என்று ஒதுக்கினார்.

அமைச்சர் நியமனத்துக்கு நாடாளுமன்ற மேலவையான செனட் ஓட்டுப்போட்டு ஒப்புதல் தரவேண்டும். எஃப்பிஐ அறிக்கை வந்தபோது அதைப் பார்த்தவர்கள் செனட் ஆயுதப்படைக் குழுவின் தலைவரும் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர் ஜாக் ரீடும் மட்டும். விசாரணை போதாது என்று ரீட் கூட்டத்திலேயே சொன்னார். அது எனக்கு ஆச்சரியமே இல்லை. எஃப்பிஐ இங்கே தானாகத் துப்பறியவில்லை, நியமிக்கிற தரப்பு கேட்டதால் விசாரிக்கிறது. எங்கள் தொழிலில் சொன்னால் கிளையன்ட் யாரோ அவர் கேட்ட அளவுக்குத்தான் தோண்ட முடியும்.

1989இல் கதை வேறு. அதிபராக இருந்த மூத்த புஷ், அதே பதவிக்கு ஜான் டவரை நியமித்தார். தகுதி என்று பார்த்தால் குறையே இல்லை. இருபத்து நான்கு வருடம் செனட்டர், அதே ஆயுதப்படைக் குழுவுக்கே தலைவராக இருந்தவர், ஜெனீவாவில் ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தைக்குப் போனவர். அப்போது எஃப்பிஐ அறிக்கையைச் செனட்டர்கள் அத்தனை பேரும் படிக்க முடிந்தது. குடி, பெண் விவகாரம் என்று புகார்கள் குவிய, பதவி கிடைத்தால் சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று டிவியில் சத்தியம் செய்தார் மனுஷர். எடுபடவில்லை. மார்ச் 9 அன்று 47க்கு 53 என்று தோற்றார்.

அந்த விவகாரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது குடி அல்ல. ஆயுதப் பேச்சுவார்த்தைப் பொறுப்பிலிருந்து விலகிய கையோடு ஆயுதக் கம்பெனிகளுக்கு ஆலோசகராகி 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தார். நாளைக்கு அதே கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் இவருடைய துறைக்குத்தான் வரும். ஆனால் ஊர் பேசியதெல்லாம் மதுக் கிளாஸைப் பற்றித்தான்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்து வந்த டிக் செனி 1962, 1963 என்று இரண்டு முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானவர், ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. 92-0 என்று ஜெயித்தார். இது எனக்குத் தப்பாகப் படவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய தப்பும் போன வருடத்துத் தப்பும் ஒரே எடை கிடையாது. அமெரிக்காவில் ரகசியக் கோப்புகளைக் கையாளும் அனுமதிக்கு 13 வழிகாட்டு நெறிகள் உண்டு. கடன், மது, வெளிநாட்டுத் தொடர்பு எல்லாம் அதில் வரும். எவ்வளவு காலத்துக்கு முன்னால், எத்தனை முறை, அப்புறம் ஆள் மாறினாரா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதில் தனிநபர் நடத்தை என்ற பிரிவில் கடுமையாக எடுத்துக்கொள்வது எதைத் தெரியுமா? மறைப்பதை. படிவம் நிரப்பும் தம்பி தங்கைகளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பழைய அரியரோ, பாதியில் விட்ட வேலையோ, நீங்களே எழுதிவிடுங்கள். நாங்கள் கண்டுபிடித்தால் நிறம் மாறிவிடும்.

ஹெக்செத்துக்குத் திரும்புவோம். பிரின்ஸ்டன், ஹார்வர்டு படிப்பு, தேசியக் காவல் படையில் மேஜர், ஈராக், ஆப்கானிஸ்தான் அனுபவம், பிறகு டிவி தொகுப்பாளர். எதுவும் பொய் இல்லை. ஆனால் ஏறக்குறைய 30 லட்சம் பேரும் வருடத்துக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் பட்ஜெட்டும் உள்ள துறை அது. 2025 ஜனவரி 14 அன்று நடந்த செனட் குழு விசாரணையில் செனட்டர் டாமி டக்வொர்த், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் உள்ள ஒரு நாட்டின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். தென்கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்றார் ஹெக்செத். மூன்றும் ஆசியானில் இல்லை. கேட்டவர் பாங்காக்கில் பிறந்தவர், ஈராக் போரில் இரண்டு காலையும் இழந்தவர். பத்து நாளில் 50-50 என்று வாக்கு சமமாகி, துணை அதிபர் வான்ஸின் ஓட்டில் ஹெக்செத் ஜெயித்தார்.

இரண்டே மாதத்தில் ஏமன் தாக்குதல் நேரங்களை அவர் சிக்னல் என்ற செய்திச் செயலியின் குழுவில் பதிவிட, அந்தக் குழுவில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பத்திரிகை ஆசிரியரும் அதைப் படித்தார். ரகசியம் எதுவும் இல்லை என்பது ஹெக்செத் தரப்பு. தகவலைக் கையாளும் விதமும் அந்த 13இல் ஒன்று. செனட் விசாரணை நாளிலோ பலரும் மதுவையும் மான்டரேயையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அந்த ஆம்பர் ஆள் எட்டு மாதம் தாங்கினார். அவருக்குப் பதிலாக வருபவரைச் சரிபார்க்க அதே நிறுவனத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். "சார், இந்தத் தடவை நல்லா ஆழமாப் பாருங்க" என்றார் அந்த அதிகாரி. எப்போது சேர்கிறார் என்று கேட்டேன். "நேத்தே சேர்ந்துட்டார் சார்."