ஐம்பது டாலர் பாடியும் சில ஆயிரம் சுற்றுச் செம்பும்

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் 1970களின் நடுவில், கலிஃபோர்னியாவில், தனக்கு வேண்டிய மின்கிட்டாரைத் தானே ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்டார். பாடி 50 டாலர், நெக் 80 டாலர். பாடி கழித்துப்போட்ட இரண்டாந்தரச் சரக்கு. கிப்சன் கம்பெனியின் இஎஸ்-335 கிட்டாரிலிருந்து கழற்றிய ஒரு பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகத்தை, அதில் பொருத்தினார். கறுப்பு பெயின்ட் அடித்து, குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, மேலே வெள்ளை அடித்து டேப்பை உரித்தார். சிவப்பு பிறகு வந்தது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டார் 2019இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகக் கண்காட்சி வரைக்கும் போனது. மலிவான கிட்டாரை வாங்கிப் பிக்கப்பை மாற்றி, வண்ணம் தீட்டி, ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் மூதாதை.

அந்த வேலையில் எது ஒலியை மாற்றுகிறது, எது கண்ணுக்கு மட்டும்?

பிக்கப் மைக் அல்ல. காற்றில் வரும் ஒலியை அது பிடிப்பதில்லை. உள்ளே இருப்பது காந்தமும், அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் வகைப் பிக்கப்பில் அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ.; ஏழாயிரத்துச் சொச்சம், எட்டாயிரம் சுற்று இருக்கும்; மல்டிமீட்டரில் 6 கிலோ ஓம் அளவில் காட்டும். காந்தம் தனக்கு மேலே இருக்கிற எஃகுத் தந்தியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தியை மீட்டினால் சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே மின்காந்தத் தூண்டல். வீணையின் பித்தளைத் தந்தியை இதன்மேல் கட்டினால் ஸ்பீக்கரில் ஏறக்குறைய ஒன்றும் வராது.

விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் ஆறு எஃகுத் துண்டுகளும், அவற்றுக்கு அடியில் ஒட்டிய செராமிக் காந்தப் பட்டையும் இருக்கும். விலை கூடியவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த ஆல்நிகோ காந்தத் தண்டுகளே நேராகச் சுருளுக்குள் நிற்கும். செராமிக் மட்டம், ஆல்நிகோ உசத்தி என்று சொல்வதெல்லாம் பாதி வியாபாரம். காந்தத்தின் பெயரைவிடச் சுருளின் இண்டக்டன்ஸ்தான் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு, ஹென்றியில் சொல்வார்கள்) காதில் அதிகம் கேட்கும். எஃகு உள்ளே இருந்தால் இண்டக்டன்ஸ் ஏறும், அங்கேதான் வித்தியாசம்.

ஏன் என்றால், ஒலிபெருக்கும் ஆம்ப் வரை போகிற கேபிளுக்குக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், பைக்கோஃபேரட்டில் சொல்வார்கள்) உண்டு. சுருளும் கேபிளும் சேர்ந்து, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற சர்க்யூட்டைப் போல, ஒரு அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுத்து அதற்கு மேலே உள்ளதை அமுக்குகின்றன. பிக்கப் 2.5 ஹென்றி, கேபிள் 700 பைக்கோஃபேரட் என்று கணக்குப் போட்டால் அந்த உச்சம் 3,800 ஹெர்ட்ஸில் விழுகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. ‘பளிச்’ என்கிறோமே, அதுதான். அதே கேபிளில் 4.5 ஹென்றி ஹம்பக்கரை (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்டால் உச்சம் 2,800க்கு இறங்கும், ஒலி தடிக்கும். பிக்கப்பைத் தொடாமல் கேபிளை இரு மடங்கு நீளமாக்கினாலும் 2,700க்குப் போய்விடும்! புதுப் பிக்கப்புக்குக் காசு எண்ணி வைக்குமுன் வேறொரு கேபிளைச் செருகிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வால்யூம் பாட், அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மின்தடை, அந்த உச்சத்தின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. 250 கிலோ ஓம் என்றால் முனை மழுங்கும், 500 என்றால் நிமிரும். சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250, ஹம்பக்கருக்கு 500 என்ற வழக்கம் இதனால் வந்தது. பிக்கப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பாட்டை விட்டுவைத்தால் பாதிப் பலன்தான்.

அடுத்தது இரைச்சல். சுவர் ஒயரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் சுருள் விடாமல் பிடிக்கும். சிங்கிள் காயிலில் கேட்கும் ‘ம்ம்ம்’ அதுதான். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதுதான் ஹம்பக்கர்: இரண்டு சுருள்கள், ஒன்றில் காந்தத்தின் திசையும் தலைகீழ், சுருளின் திசையும் தலைகீழ். வெளி இரைச்சலுக்குக் காந்தத்தோடு சம்பந்தமில்லை. ஒரு சுருளில் பிளஸாகவும் மற்றதில் மைனஸாகவும் வந்து தன்னைத் தானே அடித்துக்கொள்ளும். தந்தியின் சிக்னலோ இரண்டு முறை தலைகீழாகி நேராகிவிடும், கூடும். இவ்வளவு எளிய யோசனை மின்கிட்டாரில் வேறில்லை என்பேன்.

அந்தச் சுருள் தளர்ந்திருந்தால் சத்தத்தில் தானே அதிர்ந்து கீச்சிடும். வான் ஹேலன் உருகிய பாரஃபின் மெழுகில் பிக்கப்பை முக்கியது அதற்காக.

பொருத்தும்போது தவறுவது பெரும்பாலும் இரண்டு ஒயர்களில். எது சிக்னல், எது கிரவுண்ட் என்பதை மாற்றி சால்டர் செய்தால் தனியாக வாசிக்கையில் தெரியாது. பக்கத்துப் பிக்கப்போடு சேர்க்கும்போது ஒலி சூம்பிப்போகும். முள் வைத்த பழைய மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் இணைத்து, ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின்மேல் வைத்துச் சட்டென்று எடுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். எல்லாப் பிக்கப்பிலும் ஒரே பக்கம் துள்ளவேண்டும். உயரத்தையும் பார்க்கவேண்டும்: தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே 2, 3 மி.மீ. விடுவது வழக்கம். ரொம்ப ஒட்டினால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைக் குலைக்கும். நட் (நெக்கின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் துண்டு) சரியில்லாமலோ ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தேய்ந்தோ சுருதி நிற்கவில்லையென்றால், எந்தப் பிக்கப்பும் காப்பாற்றாது.

அலங்காரம்? பெயின்ட், ஸ்டிக்கர், பாடியில் கோலம், எதையும் பிக்கப் கண்டுகொள்ளாது. நெக் உட்காருகிற குழியில் மட்டும் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் நெக்கின் கோணம் மாறும். உலோகம்தான் விதிவிலக்கு. தங்கம்போல் மின்னட்டும் என்று பித்தளை மூடியைப் பிக்கப்புக்கு மாட்டினால், மாறும் காந்தப்புலம் அந்தத் தகட்டிலேயே சுழல்மின்னோட்டமாகச் செலவாகி மேல்சுரங்கள் மங்கிவிடும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் மின்சாரத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது, ஆகவே இழப்பு குறைவு. பளபளப்பு வேண்டுமென்றால் அந்த மூடிக்குத் தங்க முலாம் பூசி மாட்டிக்கொள்ளலாம்.