அயர்லாந்துச் சுற்றுலா: தடுப்பு இல்லாத இடங்களில்தான் கவனம் வேண்டும்

ஐரோப்பாவுக்குக் குடும்பங்களையும் நண்பர் குழுக்களையும் அனுப்பிவைப்பதும், சில சமயம் அவர்களோடு கூடவே போவதும் என் தொழில். அயர்லாந்து கேட்டு வருகிறவர்கள் எல்லோர் கையிலும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல் இருக்கும். டப்ளின், பெல்ஃபாஸ்ட், கால்வே, மோஹர் பாறைகள், ஜயன்ட்ஸ் காஸ்வே, நடுநடுவே பழைய பப்கள். நல்ல பட்டியல்தான். பிரச்சினை என்னவென்றால், அயர்லாந்து பயமுறுத்தாத நாடு. எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், வடக்கே போகும்போது எல்லையில் யாரும் நிறுத்துவதில்லை, பப்புக்குள் குழந்தையோடு நுழைந்தாலும் சிரித்த முகத்தோடு இடம் காட்டுகிறார்கள். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த எளிமையிலிருந்தே வந்தவை. யாரும் தடுக்கவில்லை என்பதால் அங்கே விதியும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் எல்லை. தீவு ஒன்றுதான், நாடு இரண்டு. டப்ளின், கார்க், கால்வே எல்லாம் அயர்லாந்துக் குடியரசு. பெல்ஃபாஸ்ட், டெரி, ஜயன்ட்ஸ் காஸ்வே மூன்றும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். டப்ளினிலிருந்து காரில் வடக்கே போனால் எல்லையைத் தாண்டியது தெரியவே தெரியாது. வேகப் பலகைகள் கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகும், கடையில் யூரோவுக்குப் பதில் பவுண்டு கேட்பார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒருவர் வெறும் ஐரிஷ் விசாவோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் அது சட்டவிரோத நுழைவு. திரும்பி வரும்போது பேருந்திலோ ரயிலிலோ ஐரிஷ் அதிகாரிகள் ஏறிக் கடவுச்சீட்டு கேட்பதும் உண்டு. அங்கே மாட்டினால் அந்தப் பயணம் மட்டுமல்ல, பிறகு போடும் விசா விண்ணப்பங்களும் அடிபடும்.

இந்தியர்களுக்கு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் – ஐரிஷ் விசா திட்டம் என்ற ஒன்றின் கீழ், ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போகலாம். விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' என்ற குறிப்பு இருக்க வேண்டும், விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த வசதி இல்லை, இரண்டு விசாவும் தனித்தனியாக வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்தில் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாரிஸ் முடித்துவிட்டு அப்படியே டப்ளின் போகலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறும். பயணச்சீட்டு வாங்கும் முன் ஐரிஷ் குடிவரவுத் துறையின் தளத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள், என்னைப் போன்ற ஏஜென்ட் சொன்னால்கூட. வாடகைக் கார் எடுத்தால், வடக்கே கொண்டுபோகப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, அங்கே இன்ஷூரன்ஸ் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா சரியாக இருந்தால் வடக்கை விட்டுவிடாதீர்கள். ஜயன்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 கருங்கல் தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டவை, கடலுக்குள் இறங்கிப்போகின்றன. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது பிளந்து உண்டானவை. அலை படும் கறுத்த தூண்கள் வழுக்கும். அவற்றில் ஏற வேண்டாம். பெல்ஃபாஸ்டின் சுவரோவியங்களையும், வீடுகளுக்கு நடுவே இன்றும் நிற்கும் பிரிவினைச் சுவர்களையும் உள்ளூர் வழிகாட்டியோடு பாருங்கள். வடக்கு பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று இரு தரப்புக்கும் நடந்து, 1998 அமைதி ஒப்பந்தம்வரை நீடித்த மோதலில் 3,500 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதில் யாரையாவது இழந்தவராக இருக்கலாம். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று பப்பில் யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், மனம் திறந்து பேசுவார்கள். இன்னொன்று, வேறு நாட்டு பார்களில் 'ஐரிஷ் கார் பாம்' என்று ஒரு காக்டெயில் கிடைக்கும். அந்தப் பெயரைச் சொல்லி இங்கே ஆர்டர் செய்யவே கூடாது. 1974-இல் டப்ளினிலும் மோனகனிலும் ஒரே நாளில் கார் குண்டுகள் வெடித்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நம் இளைஞர்கள் அது தெரியாமல் கேட்டு, கவுன்டரே மௌனமாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

டப்ளினில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். கில்மெய்னம் சிறைக்கு வழிகாட்டியோடுதான் அனுமதி, டிக்கெட்டும் இணையத்தில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே கல்லுடைக்கும் முற்றம் என்று ஒன்று இருக்கிறது. உயரமான சாம்பல் சுவர்கள், தரையில் சரளைக்கல், இரண்டு கறுப்புச் சிலுவைகள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்கள் 13 பேரை முற்றத்தின் ஒரு கோடியில் நிற்கவைத்துச் சுட்டார்கள். இன்னொரு தலைவர் ஜேம்ஸ் கானலி காயத்தால் நிற்க முடியாத நிலையில் இருந்ததால், வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். இரண்டாவது சிலுவை அவருக்கு. பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அந்த ஆண்டுகளில் டப்ளினில்தான் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அந்த முற்றத்தில் நிற்கும்போது இதை நான் எங்கள் குழுவிடம் தவறாமல் சொல்வேன்.

நியூகிரேஞ்சும் அப்படித்தான். 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை மேடு அது, எகிப்தின் பெரிய பிரமிடைவிடப் பழையது. நேராக அங்கே காரை விட முடியாது. பார்வையாளர் மையத்தில் பதிவுசெய்து அவர்கள் பேருந்தில்தான் போக வேண்டும். உள்ளே போகும் பாதை குறுகலானது, குனிந்து நகர வேண்டும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் வெளியிலேயே நின்று பார்க்கலாம், அதுவே போதுமான அழகு.

சரி, பப்புக்கு வருவோம். குடிக்காதவர்களும் போக வேண்டிய இடம் அது. பல ஊர்களில் மாலைப் பாட்டும் ஊர்ப் பேச்சும் அங்கேதான். டப்ளினில் பிரேசன் ஹெட், ஆத்லோனில் ஷான்ஸ் பார் இரண்டுமே தங்களை மிகப் பழையவை என்று சொல்லிக்கொள்கின்றன. பெல்ஃபாஸ்டின் கிரவுன் சலூனை, அதன் வண்ண ஓடுகளுக்காகவும் மரத் தடுப்பறைகளுக்காகவும், நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரிய அமைப்பு பாதுகாக்கிறது. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் விலை அதிகம், கூட்டமும் அதிகம். நான் இரண்டு தெரு தள்ளித்தான் கூட்டிப்போவேன். இசைக்கலைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும்போது அவர்கள் நாற்காலியில் உட்காராதீர்கள், முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள், காய்கறி சூப் என்று போட்டிருந்தாலும் கோழி ஸ்டாக் சேர்த்ததா என்று கேளுங்கள். பல இடங்களில் சமையலறையை ஒன்பது மணிக்கே மூடிவிடுவார்கள். குடியரசில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரவு 9 மணிக்குள் பப்பைவிட்டு வெளியேற வேண்டும், மே முதல் செப்டம்பர்வரை 10 மணி. ஊழியர் வந்து சொல்லும்போது வாக்குவாதம் செய்யாதீர்கள், அவருடைய லைசென்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை ஊற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்து முக்கால்வாசி நிரப்பி, அப்படியே கவுன்டரில் வைத்துவிடுவார்கள். உள்ளே பழுப்பு நுரை கீழ்நோக்கி வழிவதுபோல் ஓடும், மெல்ல மெல்லக் கறுத்துத் தெளியும், மேலே வெண்ணெய் நிறத்தில் ஒரு அடுக்கு நிற்கும். அதன் பிறகுதான் மீதியை ஊற்றிக் கையில் தருவார்கள். அதுவரை எடுக்கக் கூடாது. இந்த நிதானம்தான் நம்மை ஏமாற்றுகிறது. மெதுவாகக் குடிக்கிற, 4.2 சதவீதப் பானம்தானே என்று தோன்றும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. மதுவின் அளவைக் கணக்கிடும் அயர்லாந்து அலகில் அது ஏறக்குறைய இரண்டு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'. ஒவ்வொரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்கையும் உடல் வெளியேற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

இதோடு 'ரவுண்ட்' பழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர் முறை. நான்கு பேர் உட்கார்ந்தால், யாரும் திட்டமிடாமலே ஆளுக்கு நான்கு பைன்ட் ஆகிவிடும். நடுவில் எழுந்துபோனால் வாங்காமல் நழுவியதுபோல் இருக்குமே என்ற சங்கடத்தில் குடித்தவர்கள் எத்தனையோ பேர். தொடக்கத்திலேயே "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆல்கஹால் இல்லாத ஸ்டவுட்டும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது.

நள்ளிரவில் நான்காவது பைன்ட்டை முடித்தவர், தூங்கி எழுந்து குளித்து, காலை ஏழு மணிக்கு மோஹருக்கு வண்டியை எடுக்கிறார். தலை தெளிவாகத்தான் இருக்கும், ரத்தம் தெளிந்திருக்காமல் போகலாம். குடியரசில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கும் 20 மட்டுமே. கார்டா என்று அழைக்கப்படும் அங்குள்ள காவல்துறை காலையிலும் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும். எங்கள் குழுக்களில் நான் வைத்திருக்கும் விதி: இரவு பப் என்றால் தங்குமிடம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், மறுநாள் வண்டி ஓட்டுகிறவர் அன்றிரவு தொடவே கூடாது. கிராமச் சாலைகளில் இது இன்னும் முக்கியம். இருபுறமும் கல்சுவரும் புதரும், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை. அந்தச் சாலைகளின் பொது வேக வரம்பை 2025 பிப்ரவரியில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். அறுபதே பல வளைவுகளில் அதிகம்.

கடைசியாக மோஹர். கிளேர் மாவட்டத்தில், அட்லான்டிக்கிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச்சுவர், உச்சியில் 214 மீட்டர். பார்வையாளர் மையத்தை ஒட்டி இடுப்பளவுக் கற்பலகைத் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி நடந்தால் தடுப்பு நின்றுவிடும், புல் மட்டும் தொடரும். அந்தப் புல்லை நம்பாதீர்கள். மணற்கல்லும் களிப்பாறையும் அடுக்கடுக்காக அமைந்த பாறை அது. கீழே கடல் அரித்துவிட, விளிம்பில் சில இடங்களில் புல்லும் மண்ணும் மட்டுமே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு அடியில் பாறை இருக்கிறதா இல்லையா என்று தெரிய வழியே இல்லை. காற்றும் சீராக வீசாது. அடித்துக்கொண்டே இருந்து சட்டென நிற்கும், காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நின்றவர் அந்த நொடியில் தடுமாறுவார். உயிரிழப்புகளுக்குப் பிறகு 2024-இல் அங்குள்ள கரையோர நடைபாதையின் பல பகுதிகளை மூடினார்கள். 'மூடப்பட்டது' என்ற பலகையைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். படம் எடுக்க நல்ல இடம் ஓ'பிரையன் கோபுரத்தின் பக்கத்துத் தடுப்புக்கு உள்ளேயே இருக்கிறது, மாலை வெயில் பாறைமேல் விழும் நேரத்தில்.

யாராவது விளிம்பில் சிக்கிக்கொண்டால் நீங்கள் இறங்கப் பார்க்க வேண்டாம். 112 அல்லது 999 அழைத்து, கோஸ்ட் கார்டு வேண்டும் என்று கேளுங்கள். பாறைகள் பல கிலோமீட்டர் நீளம் என்பதால், கோபுரத்திலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.