முட்டிவலி ஜெல்லும் லிப்போசோமும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் பார்மசிக்கு வருகிறவர்களிடம் என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் மாத்திரைகளை மட்டும் சொல்வார்கள். முட்டிக்குத் தடவும் ஜெல் அதில் வராது. "அது வெளியில பூசுறதுதானேம்மா" என்பார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் இப்படி விட்டுவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஜெல்லில் இருப்பதும் வலி மாத்திரையில் இருக்கும் அதே அழற்சி எதிர்ப்பு மருந்துதான்.

தோலின் மேலடுக்கு, செத்த செல்களும் இடையில் கொழுப்பும் சேர்ந்தது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஆனாலும் பூசும் மருந்தில் பெரும்பங்கை அதுவே தடுத்துவிடும். டைக்ளோஃபெனாக் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்துள்ள ஜெல் தடவினால், மாத்திரையில் இரத்தத்துக்குப் போகும் அளவில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் போகும். வயிற்றுப்புண் வந்தவர்களுக்கு முதலில் ஜெல்லைச் சொல்வது இதனால்தான்.

சரி, சில ஜெல் பெட்டிகளில் போட்டிருக்கும் லிப்போசோம் என்ன செய்கிறது? அது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு இரட்டை அடுக்காகச் சேர்ந்து உருவாகும் நுண்குமிழி. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் கண்டறிந்தது. நீரில் கரையும் மருந்து குமிழிக்குள்ளும், கொழுப்பில் கரைவது அதன் சுவரிலும் தங்கும். குமிழி அப்படியே தோலைக் கடந்து மூட்டுக்குள் இறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண லிப்போசோம் பெரும்பாலும் மேலடுக்கில் நின்று, அங்குள்ள கொழுப்போடு கலந்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எளிதில் வளையும் சுவர் கொண்ட டிரான்ஸ்ஃபர்சோம் இன்னும் ஆழமாகப் போகும் என்று அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். அது முழுக் குமிழியாகவே போகிறதா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பெட்டியில் அந்தப் பெயர் இருப்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மருந்து அதிகம் உள்ளே போக வேறு வழிகளும் இருக்கின்றன, அவைதான் ஆபத்து. ஜெல் தடவி பிளாஸ்டிக்கால் சுற்றுவது, மேலே வெந்நீர்ப் பை வைப்பது, புண்ணான தோலில் பூசுவது எல்லாம் வேண்டாம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் ஆஸ்துமா கூடுகிறவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. இதே வகையைச் சேர்ந்த கீட்டோபுரோஃபென் மருந்துள்ள ஜெல் என்றால், பூசும் நாள்களிலும் நிறுத்திய பின் 2 வாரமும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது, தோல் கொப்பளிக்கலாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அப்புறம், இணையத்தில் வாங்கும் பெயர் தெரியாத வலித் தைலங்கள். மலேசியாவில் பதிவான மருந்துக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.யின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். எண் இல்லை என்றால் பூச வேண்டாம். பாட்டிலோடு எங்களிடம் கொண்டு வாருங்கள்.