உவர்ப்பு: உப்பு வேறு, அதன் சுவை வேறு

யாங்கோனில் அண்மையில் நடந்த உடல்நலக் கூட்டம் ஒன்றில், உரையைத் தமிழில் பெயர்த்துச் சொன்னவர், "உப்புத்தன்மை மிகுந்தால் அமிலத்தன்மை குறையும்" என்றார். என் பக்கத்தில் இருந்த அத்தை உடனே, "அப்போ நெஞ்சு கரிச்சா உப்புத் தின்னலாமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் பிழையில்லை. உரை பேசியது சுவையைப் பற்றி, காதில் விழுந்த தமிழோ அப்படித்தான் பொருள் தந்தது.

உவர் என்பது உப்புப் பூத்த மண். உவர்நிலம், உவர்நீர், கடலைக் குறிக்கும் உவரி ஆகியவை அதன் கிளைகள். உப்பு என்ற சொல்லும் அதே வேரினதே. அறுசுவையில் உப்பின் சுவைக்கு உவர்ப்பு என்று பெயர். அதைத் துவர்ப்பு என்று எழுதுவோரும் உளர். துவர்ப்போ பாக்கிலும் வாழைப்பூவிலும் இருப்பது. பேச்சில் வரும் கரிப்பு நல்ல சொல்தான், ஆனால் அத்தை சொன்னதுபோல் அது நெஞ்செரிச்சலுக்கும் ஆகிவிடுகிறது.

என் சண்டை 'தன்மை' ஒட்டிய சொற்களோடுதான். மண்ணின் உப்புத்தன்மையையும் கரைசலின் அமிலத்தன்மையையும் நாக்கே இல்லாமல் கருவியால் அளந்துவிடலாம். உவர்ப்பையும் புளிப்பையும் அப்படி அளக்க முடியாது. வேதியியலில் உப்பு எனப்படுபவை எல்லாம் உவர்ப்பதும் இல்லை: பேதியுப்பு கசக்கும், நஞ்சான காரீய அசிட்டேட் இனிக்கும். அமிலத்தன்மை அளவில் ஒன்றாகவே இருந்தாலும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடக் காடியில் உள்ள அசிட்டிக் அமிலமே கூடுதலாகப் புளிக்கும்.

நரம்பைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு இல்லாமல் ஒரு வாக்கியமும் நிற்காது. நாக்கின் முன்பகுதியிலிருந்து செவிப்பறையை ஒட்டிச் செல்லும் சுவை நரம்பின் இழைகளைப் பூனையிடம் தனித்தனியே பதிவு செய்த ஆய்வாளர் கார்ல் பாஃப்மன், சில இழைகள் அமிலத்துக்கு மட்டும், சில அமிலத்துக்கும் உப்புக்கும், சில அமிலத்துக்கும் கசக்கும் கொயினாவுக்கும் துடிப்பதை 1941இல் வெளியிட்டார். அமிலத்துக்கும் உப்புக்கும் துடிக்கும் இழை, தான் ஒன்றே நின்று உவர்ப்பு என்றோ புளிப்பு என்றோ சொல்லிவிடாது. பல இழைகளின் துடிப்பு சேர்ந்தே சுவையாகிறது. உப்பும் அமிலமும் கலந்தால், அளவு குறைவாக உள்ளபோது இரு சுவைகளும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். அளவு கூடினால் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்கும். கலவையில் உள்ள அமிலத்தை உப்பு முறிப்பதில்லை, புளிப்புத்தான் அடங்குகிறது. பெயர்த்தவர் "உவர்ப்பு மிகுந்தால் புளிப்பு அடங்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அகராதியில் முதலில் கண்ட சொல்லோடு 'தன்மை'யை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் பழக்கம் மொழிபெயர்ப்பாளரிடம் பெருகிவருவது எனக்குப் பெரும் வருத்தம்.

நம்மைச் சுற்றியுள்ள பர்மியர் உப்பைச் 'சா' என்றும் அதன் சுவையை 'ஙான்' என்றும் பிரித்தே வழங்குகிறார்கள். நம் வீட்டு அடுப்படியிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. சின்பவுங் என்று இங்கே விற்கும் புளிச்சகீரையை வதக்கி, ஒரு கல் உப்புக் கூடுதலாகப் போட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் என் அம்மா, "உப்புச் சேர்ந்திருச்சு, புளிப்பு அடங்கிருச்சு" என்றுதான் சொல்வார்.