ஆறிய காயமும் முதிர்ந்த தழும்பும்: அறுவைத் தழும்பின்மேல் பச்சை குத்தும் முன்

அறுவை சிகிச்சைத் தழும்பை மறைக்க அதன்மேலேயே டாட்டூ போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி, ஈரோட்டில் தோல் நோய் மருத்துவம் பார்க்கும் என்னிடம் இப்போது அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள், சிசேரியன் தழும்போடு இருக்கும் இளம் தாய்மார்கள், விபத்தில் கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்துக்கொண்ட விசைத்தறித் தொழிலாளர்கள் என்று எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் படத்தைத் தேர்ந்தெடுத்து, கடையில் முன்பணமும் கட்டிவிட்டு, எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வருகிறார்கள். கூடாது என்று நான் பொதுவாகச் சொல்வதில்லை. காயம் ஆறுவதும் தழும்பு முதிர்வதும் வெவ்வேறு என்பதையும், முதிராத தழும்பிலோ உள்ளே ஒரு கோளாறை வைத்துக்கொண்டிருக்கும் தழும்பிலோ ஊசி படக்கூடாது என்பதையும் மட்டும் விளக்கிச் சொல்கிறேன்.

பச்சை குத்துவது நம் பகுதிக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டுக் கிராமங்களில் எழுபது, எண்பது வயதான பாட்டிமார்களின் முன்கையில் கோலமும் புள்ளிகளும் உறவினர் பெயரும் இன்றும் பச்சை படர்ந்து தெரியும். "எங்க ஆத்தா கை நிறையக் குத்தியிருக்குதுங்க டாக்டர், அதுக்கு ஒண்ணும் ஆகலைங்களே" என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆத்தா குத்திக்கொண்டது கத்தி படாத நல்ல தோலில் என்பதுதான் அதற்கு என் பதில்.

நல்ல தோலின் அடியில் கொலாஜன் எனப்படும் புரத இழைகள், சென்னிமலைப் போர்வையில் பாவும் ஊடும் கோத்துக்கொள்வதைப் போல, பல திசைகளில் பின்னிக் கிடக்கின்றன. வெட்டுப்பட்ட இடத்தை உடல் அவசரமாக அடைக்கும்போது அந்தப் பின்னல் அமைவதில்லை. இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. தையல் பிரித்து, மேல்தோல் மூடி, குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் காயம் ஆறிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உள்ளே கொலாஜனைக் கரைத்து மறுபடி அடுக்கும் வேலை ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் நடக்கிறது. மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு வரும் வலு பழைய வலுவில் சுமார் கால் பங்குதான். மூன்று மாத அளவில் 80 விழுக்காடு வரை ஏறும். அதற்குமேல் எத்தனை ஆண்டு போனாலும் பழைய வலு முழுமையாகத் திரும்புவதில்லை.

இந்த வேலை முடிவதற்கு முன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை ஊசி இறங்கினால், உடல் அதைப் புதிய காயமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு மேலும் கொலாஜனைக் கொட்டும். தட்டையாகிக்கொண்டிருந்த தழும்பு தடிக்கத் தொடங்கும். படமும் சரியாக வராது. டாட்டூ மை தங்கவேண்டியது மேல்தோலுக்குக் கீழே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். தழும்பிலோ ஒரு விரற்கடை தூரத்துக்குள்ளேயே ஓரிடம் இறுகியும் அடுத்த இடம் மெலிந்தும் இருப்பதால், இறுகிய இடத்தில் மை பிடிக்காமல் வெளியேறி வெளுத்துப்போகும். மெலிந்த இடத்தில் ஆழத்துக்கு இறங்கி நீலமாகக் கசிந்து கோட்டின் ஓரம் கலங்கிவிடும். அனுபவமுள்ள கலைஞர்கள் இதை நன்றாக அறிவார்கள். தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு 'ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று வந்த வருமானத்தைத் திருப்பி அனுப்பும் கலைஞர்கள் கோவையிலும் ஈரோட்டிலும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடமே பிறகு போகலாம்.

முதிர்ச்சியை வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ள முடியும். பகல் வெளிச்சத்தில் தழும்பை விரலால் சில நொடி அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் மறுபடி சிவப்போ ஊதாவோ ஏறினால், புதிய இரத்தக்குழாய்கள் இன்னும் அங்கே வேலையில் இருக்கின்றன என்று பொருள். நம் மாநிறத் தோலில் இந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ தெரியும் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. அடுத்து, தழும்பை இரு விரலால் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அடியிலுள்ள தசையோடு ஒட்டாமல் தோலோடு சேர்ந்து நகரவேண்டும். அரிப்பு, சுருக்கென்ற வலி, துணி உரசினால் கூச்சம் ஆகியவை நின்று சில மாதங்கள் ஆகியிருக்கவேண்டும். இத்தனையும் சரியாக இருந்து, அறுவை நடந்து குறைந்தது ஓராண்டு முடிந்திருந்தால்தான் நான் அடுத்த பேச்சுக்கே போவேன். தீக்காயத் தழும்பாகவோ சீழ் பிடித்து ஆறிய தழும்பாகவோ இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்வேன்.

சிலருக்குக் காத்திருந்தாலும் பயனில்லை. நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதி, தோள், மேல்முதுகு, காதுமடல், தாடையோரம் ஆகிய இடங்களில் கெலாய்டு எனப்படும் மிகைத் தழும்பு வளரும் உடல்வாகு நம் மக்களிடம் குறைவில்லை. சாதாரணமாகத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்று காலப்போக்கில் தணியும். கெலாய்டு எல்லையைத் தாண்டி நண்டுக்கால் நீட்டியதுபோல் நல்ல தோலுக்குள்ளும் பரவும். இதய அறுவை சிகிச்சைத் தழும்பு மார்பின் நடுவில் இப்படி வளர்ந்த ஓர் இளைஞர், அதன்மேல் சிங்கமுகம் வரைந்துகொள்ள விரும்பினார். அவருடைய காதுமடலைத் திருப்பிப் பார்த்தேன். கடுக்கன் குத்திய இடத்தில் சுண்டைக்காய் அளவு உருண்டை இருந்தது. தாயாருக்கும் அப்படியே இருப்பதாகச் சொன்னார். இப்படிப்பட்டவருக்கு உடலின் எந்த இடத்திலும் பச்சை வேண்டாம் என்பதே என் முடிவு. ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தாள் என்று கெலாய்டைத் தட்டையாக்க வழிகள் உண்டு. ஆனால் தட்டையான பிறகும் அந்த உடல்வாகு போய்விடுவதில்லை. உங்கள் காதையும் மூக்குத்தித் துளையையும் தடுப்பூசி போட்ட தோளையும் முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது பலரும் எதிர்பாராத ஆபத்து. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி எனப்படும் சிறுதுளை அறுவை செய்துகொண்ட ஒரு பெண், தொப்புளருகே இருந்த சிறு துளைத் தழும்பின்மேல் பட்டாம்பூச்சி குத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். கையால் தொட்டபோது தழும்பின் அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலியில்லை, காய்ச்சலில்லை, எப்போதாவது ஒரு சொட்டு நீர் கசிந்து உள்ளாடையில் கறை படிவதாகச் சொன்னார். திசுவை எடுத்துப் பரிசோதித்ததில், காசநோய்க் கிருமியின் உறவுக்கார வகையான மைக்கோபாக்டீரியாத் தொற்று என்று தெரிந்தது. அறுவைக் கருவிகள் சரியாகத் தூய்மை செய்யப்படாதபோது, குறிப்பாகக் கிருமிநாசினியில் ஊறவைத்த கருவியைக் குழாய் நீரில் அலசும்போது, இந்தக் கிருமி துளைத் தழும்புகளில் புகுந்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்துத் தலைகாட்டும். சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்கு இது கட்டுப்படாது. பொருத்தமான மருந்துகளைப் பல மாதம் எடுத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணுக்குக் குணமானது. அந்தக் கட்டியின்மேல் பட்டாம்பூச்சி ஏறியிருந்தால், நோய் மறைந்திருக்கும், ஊசி அதைப் பக்கத்துத் தோலுக்கும் பரப்பியிருக்கும்.

சிசேரியன் தழும்பிலும் இதுபோன்ற ஒளிந்த கட்டி ஒன்று உண்டு. கருப்பை உட்சுவரின் திசு அறுவையின்போது தழும்பில் தங்கி வளர்ந்து, மாதவிலக்கு நாட்களில் மட்டும் வீங்கி வலிக்கும். மாதாமாதம் அதே நாளில் தழும்பு வலிக்கிறதென்றால் மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டும். இன்னொரு குழந்தை பெறும் எண்ணமிருப்பவர்கள் அது முடியும்வரை தள்ளிப்போடுவது நல்லது. அடுத்த சிசேரியனும் பெரும்பாலும் அதே கோட்டில்தான் திறக்கப்படும், திறந்து தைத்த பிறகு படம் கோணிக்கொள்ளும்.

புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு நான் இன்னும் கூடுதல் எச்சரிக்கை சொல்வேன், ஆனால் கதவை அடைக்கமாட்டேன். மார்பைச் சீரமைத்த பிறகு காம்பையும் அதைச் சுற்றிய கருவளையத்தையும் பச்சையாகத் தீட்டுவது மருத்துவமே ஏற்றுக்கொண்ட முறை. அது பல பெண்களுக்குக் கண்ணாடி முன் நிற்கும் தைரியத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் அக்குளில் நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கையில் நிணநீர் வடிவது குறைந்திருக்கும் என்பதால், அந்தக் கையில் பச்சை குத்தவேண்டாம். சிறு தொற்றுகூடக் கையை நிரந்தரமாக வீங்கவைத்துவிடும். கதிர்வீச்சு பெற்ற தோல் மெதுவாகவும் மோசமாகவும் ஆறும். மேலும், குத்தப்படும் மையின் ஒரு பகுதி நிணநீர் வழியாகப் போய் நெறிக்கட்டிகளில் தங்கி அவற்றைக் கறுக்கவைக்கும். பிற்காலத்தில் ஸ்கேன் பார்ப்பவரும் அறுவை செய்பவரும் அதை நோய் பரவியதாகச் சந்தேகிக்க இடமுண்டு. எனவே உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், இதய வால்வில் கோளாறோ செயற்கை வால்வோ உள்ளவர்கள், மாற்று உறுப்புக்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் நாள் குறிக்கக்கூடாது. மாத்திரையைத் தாங்களாகவே இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போவது அதைவிட ஆபத்து. சோரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி பட்ட கோட்டிலேயே அந்த நோய் புதிதாகத் தோன்றக்கூடும்.

தழும்பு வலிக்கும் என்ற பயத்தில் மரத்துப்போகும் களிம்பை அப்பிக்கொள்ளும் பழக்கம் பரவுவதையும் சொல்லவேண்டும். பெரிய பரப்பில் தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றிவைத்தால், அதிலுள்ள லிடோகெயின் என்ற மரப்பு மருந்து இரத்தத்தில் ஏறி வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கலாம். டாட்டூவுக்கு முன் தடவும் இத்தகைய களிம்புகளில் 4 விழுக்காட்டுக்குமேல் லிடோகெயின் கொண்டவற்றைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரித்தது.

கடையில் பார்க்கவேண்டியது ஊசி மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். புதிய ஊசியை உங்கள் கண்முன் பிரிப்பது அவசியம்தான். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் அதுவே முதல் தடுப்பு. ஆனால் மையையும் பாருங்கள். 2011-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு மைக்கோபாக்டீரியாத் தொற்று வந்தது. சாம்பல் நிறத்துக்காக முன்கூட்டியே நீர்க்கவைத்து விற்கப்பட்ட மைதான் காரணம். நான் மேலே சொன்ன துளைத் தழும்புத் தொற்றும் இதே கிருமிக் குடும்பத்தின் வேலைதான். மையைக் குழாய் நீரிலோ கேன் தண்ணீரிலோ கலக்குவதைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். தேர்த்திருவிழாக் கடையில் ஒரே ஊசியும் ஒரே மைக்கிண்ணமும் வைத்துக்கொண்டு வரிசையாகக் குத்துபவரிடம் தழும்பைக் காட்டவே வேண்டாம்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்வேன். தழும்பை 'தோல் நிறத்திலேயே' மறைத்துத் தருகிறோம் என்ற விளம்பரங்கள் பெருகியிருக்கின்றன. வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும், குத்திய நிறம் கறுக்காது. இரண்டு கோடை போனால் தழும்பு முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். அதை லேசரால் எடுக்கலாம் என்று போனால், அந்த மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு. கறுப்பு மை ஒப்பீட்டளவில் தொல்லை குறைந்தது. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில். தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் முதலில் குத்தி, இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டுப் பிறகு முழுப் படத்துக்குப் போகும்படி நான் சொல்வதைக் கலைஞர்கள் சிலர் ரசிப்பதில்லை; இருந்தும் அதை விடாமல் சொல்லி வருகிறேன்.

குத்திக்கொண்ட பிறகு ஓராண்டுக்கு இரத்த தானம் செய்யமுடியாது. முதல் சில நாள் சிவப்பும் வீக்கமும் இயல்பு. நாள்பட அவை கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டவேண்டும். அதைவிட ஏமாற்றுவது, எல்லாம் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து மை போன வழியில் மட்டும் சிறு சிறு பருக்கள் வரிசையாகக் கிளம்புவது. அதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு தடவாதீர்கள். தொற்றாக இருந்தால் அது தீனி போட்டதாகிவிடும். தோல் மருத்துவரிடம் வந்து, அடியில் இருப்பது அறுவைத் தழும்பு என்பதையும் எந்த அறுவை, எப்போது நடந்தது என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு சொல்லுங்கள். எடுக்கும் திசுவைப் பயாப்சிக்கு மட்டுமல்லாமல், மைக்கோபாக்டீரியா வளர்ப்புப் பரிசோதனைக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.