பெக்கா பி40: பிரஷர் என்று தெரிந்த பிறகு போக வேண்டிய வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்குத் தலைவலிகூட இல்லையே" என்ற பதில்தான் முதலில் வரும். தலைவலியோ மயக்கமோ இல்லாமல் பல ஆண்டுகள் உடலுக்குள்ளேயே இருந்து, சிறுநீரகத்தையும் இதயத்தையும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களையும் கெடுப்பதுதான் இந்நோயின் இயல்பு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதைக் கண்டறிவதற்கு அரசாங்கம் வழங்கும் இலவசப் பரிசோதனையைப் பற்றியும், கண்டறிந்த பிறகு எங்கே போவது என்பதைப் பற்றியும் இங்கே சொல்கிறேன். நம் மக்கள் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

அந்த இலவசப் பரிசோதனையைத் தருவது, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பெக்கா பி40 திட்டம். அது 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சுகாதார அமைச்சுக்குச் சொந்தமான புரொடெக்ட்ஹெல்த் நிறுவனம் இதனை நடத்துகிறது. ரஹ்மா ரொக்க உதவி, அதாவது எஸ்.டி.ஆர். பெறுபவர் 40 வயதை எட்டியிருந்தால் இத்திட்டத்தில் தாமாகவே சேர்க்கப்பட்டிருப்பார்; தனியாக மனு செய்ய வேண்டியதில்லை. எஸ்.டி.ஆர். பணம் கணவரின் பெயரில் வந்தாலும், 40 வயதைக் கடந்த மனைவிக்கும் இதே உரிமை உண்டு. "அது அவருக்கு வர்றது, எனக்கில்லை" என்று சொல்லிப் பரிசோதனைக்கே போகாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெக்கா பி40 இணையத்தளத்தில் மைகார்டு, அதாவது அடையாள அட்டை எண்ணைப் போட்டால் தகுதி உண்டா என்று உடனே தெரிந்துவிடும். வீட்டில் இருவருடைய எண்ணையும் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.

பரிசோதனையை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம், திட்டத்தில் பதிந்துள்ள தனியார் கிளினிக்கிலும் செய்துகொள்ளலாம். அதற்கு இரண்டு முறை போக வேண்டும். முதல் முறை உடல்நிலையைப் பற்றிக் கேட்டு, இரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, இரத்தமும் சிறுநீரும் எடுப்பார்கள். இரண்டாம் முறை மருத்துவர் முடிவுகளை விளக்குவார். என் அத்தை முதல் முறை மட்டும் போய்வந்தார். இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துப் போட்டதோடு காரியம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். கிளினிக்கிலிருந்து வந்த அழைப்பையும், புதிய எண்ணாக இருக்கிறதே என்று எடுக்கவில்லை. மறு வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகுதான், அழுத்தம் அப்போதே மிக உயர்ந்திருந்தது எங்களுக்குத் தெரிய வந்தது. ஆகவே கிளினிக்கை விட்டு வெளியேறும்போதே இரண்டாம் தேதியைக் கேட்டு வாங்கி, வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள்.

கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேல் மீண்டும் மீண்டும் காட்டினால் அது உயர் இரத்த அழுத்தம். வீட்டில் பார்ப்பதற்கு 135/85 என்பதே எல்லை. முதல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், இரண்டாவது அது தளரும்போது உள்ள அழுத்தம். மிக அதிகமாக இருந்தாலொழிய, ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முடிவு செய்ய மாட்டார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வெயிலில் ஓடிவந்து கையை நீட்டினால் அளவு கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு பார்ப்பதே சரி. அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து கோப்பியும் சிகரெட்டும் கூடாது.

அழுத்தம் உறுதியானதும் பெக்கா பி40இன் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மாதாமாதம் மாத்திரை கொடுப்பது அத்திட்டத்தின் வேலையன்று. மடானி மருத்துவத் திட்டம் என்ற மற்றோர் அரசாங்க உதவியும் காய்ச்சல், இருமல் போன்ற திடீர் நோய்களுக்கானதே. நீண்டகால மருந்துக்கு நீங்கள் போக வேண்டிய இடம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). மருத்துவரைப் பார்ப்பதும் மருந்தும் அதற்குள் அடக்கம். 60 வயதைக் கடந்தவர்களிடம் அந்த ஒரு வெள்ளியும் வாங்குவதில்லை. தனியார் கிளினிக்கில் பரிசோதனை செய்தவர் முடிவுத் தாளின் நகலையும் பரிந்துரைக் கடிதத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு மைகார்டுடன் அங்கே செல்ல வேண்டும். அந்தத் தாளை நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்; அது தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

மருந்தைப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே கொடுப்பார்கள். மருந்துச் சீட்டு மேலும் சில மாதங்களுக்குச் செல்லுபடியாகும் என்பதால், அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கக் காத்திராமல் நேராக மருந்தகத்துக்கே போகலாம். எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டின்கீழ், ஈப்போ மருத்துவமனையில் எழுதிய மருந்தையும் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக்கில் பெற்றுக்கொள்ள முடியும். மருந்தகத்தில் கேட்டால் படிவம் தருவார்கள். அரை நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் தொழிலாளிக்கு இது பெரிய உதவி. கிளினிக்கில் தரும் டைம் ஸ்லிப் நீங்கள் வந்துபோனதற்கான சான்று மட்டுமே, அது எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ் ஆகாது என்பதால் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மாத்திரையை நிறுத்துகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் காரணங்கள் உண்மையானவை. விடியுமுன் கோப்பியோடு சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண், மர நிரையின் நடுவில் ஒதுங்க இடமின்றித் தவிக்கிறார். மறுநாளே அதை நிறுத்திவிடுகிறார். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், பெரிண்டோபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். இவற்றை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால் நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். சொல்லாமல் நிறுத்தினால் அழுத்தம் சத்தமில்லாமல் திரும்ப ஏறிவிடும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பலவும் அழுத்தத்தைக் கூட்டி, சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை. எதை விழுங்கினாலும் அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் உப்பு ஜாடியிலிருந்து மட்டும் வருவதில்லை. கருவாடு, நெத்திலிச் சம்பால், பெலாச்சான், கிச்சாப், ஊறுகாய், மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டின் தூள் என்று எல்லாவற்றிலும் வருகிறது. கருவாட்டை விட்டுவிடச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை என்பதால், அது சமைக்கும் நாளில் மற்ற கறிக்கு உப்பைக் குறையுங்கள், மீயில் பாதித் தூளைக் கொட்டிவிடுங்கள்.

இதயக் குழாய் ஸ்டென்ட் போன்ற மருத்துவக் கருவிகளுக்குப் பெக்கா பி40இல் 20,000 வெள்ளி வரை உதவி இருக்கிறது. ஆனால் அதற்கு மனு செய்வது அரசாங்க மருத்துவமனை மருத்துவரே; இடைத்தரகர் யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.