சொல்லாமல் உடையும் ஹேண்டில்பார்

கட்டுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் அறாது. ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் பொட்டென்று கையோடு வந்துவிடும். மலைப்பாதையில் ஓடும் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கும் இதேதான் நடக்கிறது. அங்கே வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, வளையும் தடவைகளோ லட்சக்கணக்கில்.

எட்டு வருடம் ஓட்டிய என் வண்டிக்குப் புது கிரிப் போடலாம் என்று ஒருநாள் ஹேண்டில்பாரைக் கழற்றினேன். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் இறுகப் பிடித்திருந்த இடத்தின் விளிம்பில் தலைமுடி ஒட்டியதுபோல ஒரு கோடு. துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்து நகர்த்தினால் லேசாகத் தட்டியது. விரிசல்! அதற்கு முந்தைய ஞாயிறுதான் அதே வண்டியில் பாறைப் படிகளில் இறங்கியிருந்தேன்.

மெக்கானிக் அதை வைஸில் மாட்டி அழுத்தியதும் அந்தக் கோட்டின் வழியாகவே உடைந்தது. உடைந்த வாயில் இரண்டு பகுதிகள் தெரிந்தன. ஒரு பக்கம் வழுவழுப்பாக, அழுக்கேறி, சிப்பி ஓட்டில் இருப்பதுபோன்ற வளைகோடுகளுடன் இருந்தது. மீதி, உடைத்த வெல்லக்கட்டி மாதிரி சொரசொரப்பாகப் பளபளத்தது. சொரசொரப்பான பகுதி அன்றைக்கு உடைந்தது. வழுவழுப்பான பகுதி, நான் ஓட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து வந்தது.

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக இருந்த இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வி அதன்பின் பொறியாளர்களை விடவில்லை. பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையே, பல தடவை வந்தால் போதும், உலோகம் முறியும் என்று காட்டினார்.

எஃகுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அழுத்தம் எத்தனை தடவை வந்தாலும் எஃகு ஏறக்குறைய தாங்கிக்கொண்டே இருக்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான கோடு கிடையாது. சின்ன அதிர்வும் கணக்கில் சேரும். அதனால்தான் அலுமினிய ஹேண்டில்பார், ஸ்டெம், பெடலைத் தாங்கும் கிராங்க் மூன்றையும் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக நம்பக் கூடாது. விரிசல் பெரும்பாலும் பிடிப்பின் விளிம்பிலும், வளைவுகளிலும், ஓட்டைகளைச் சுற்றியும்தான் தொடங்கும். விசை அங்கேதான் குவிகிறது. வியர்வையின் உப்பு கிரிப்புக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அரித்திருந்தாலும் விரிசலுக்கு இடம் கிடைத்துவிடும். தயாரிப்பாளர் கையேட்டில் காலக்கெடு சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால், வாரந்தோறும் கடினமான பாதையில் ஓட்டுபவர் மூன்று நான்கு வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. பலமாக விழுந்து ஹேண்டில்பார் வளைந்திருந்தால் வருடக் கணக்கே வேண்டாம், அன்றே மாற்றுங்கள். வளைந்ததை நிமிர்த்துவது, கட்டுக்கம்பியை இன்னொரு தடவை வளைப்பதுதான்.

கார்பன் ஃபைபர் வேறு ரகம். சாதாரண ஓட்டத்தில் அதற்குச் சோர்வு குறைவு. ஆனால் கல்லில் மோதினாலோ, ஸ்டெம் திருகை அளவுக்கு மீறி முறுக்கினாலோ உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடும், வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும்.

பிரேக் அப்படியல்ல, கெடும்போது சொல்லிவிடும். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய எஃகு சைக்கிள்களில் மலையிறங்கும் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக் அது. ஓர் இறக்கம் முடிவதற்குள் ஹப்பின் கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

இன்றைய டிஸ்க் பிரேக்கிலும் சூடுதான் எதிரி. லீவரின் அழுத்தத்தைப் பிரேக்குக்குக் கடத்தும் டாட் 4 வகை திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தரவிதி கேட்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் குமிழி உண்டாகும், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடும். லீவர் கொஞ்சம் தளர்ந்ததுபோல் தோன்றினாலே திரவத்தையும் பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள்.

செயினை ஸ்கேல் வைத்து அளக்கலாம். 24 கண்ணிகள் 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கூடினால் மாற்றும் நேரம். பின்கள் தேய்ந்த செயின், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது பல்லைத் தாண்டிக் குதிக்கும். அப்போது காலும் வழுக்கும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு பலமான அடியைத்தான் வாங்கும், நசுங்கியபின் பழைய நிலைக்கு வராது. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள்.

இப்போது புது ஹேண்டில்பாரில், பிரேக் லீவருக்குப் பக்கத்தில் அடிப்புறமாக, அதை மாட்டிய மாதத்தையும் வருடத்தையும் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். வண்டியைத் தலைகீழாகத் திருப்பிக் கழுவும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது.